பாலுக்கு அழுத கட்டவுட்

புயல்வேந்தரின் புதுப்படம் வந்த மறுவாரத்தில் ஒரு காலையில், பால்காரர்கள் வீடு வீடாக மணியடித்துப் போகிற நேரத்தில், பூங்காவனம் தியேட்டர் வாசலில் பனைமர உயரத்துக்கு நின்ற அவருடைய கட்டவுட் கீழுதட்டைப் பிதுக்கி, மூக்கை ஒருதரம் உறிஞ்சி, பாலுக்கு அழுதது.

கல்லாத்துப்பட்டியில் யாரும் ஓடவில்லை, யாரும் மயங்கியும் விழவில்லை. எதிர்த்த டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "பசி போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆற்றினார். பொங்கலுக்கு ஒரு படம், சித்திரைக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம் என்று வருசம் பூராவும் குடம் குடமாகத் தலையில் பால் ஊற்றி வளர்த்தால் தகரத்துக்கும் சவுக்குக் கம்புக்கும்கூட வயிறு என்று ஒன்று முளைக்கத்தான் செய்யும், இதில் அதிசயப்பட என்ன கிடக்கிறது என்று ஊர் நினைத்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் சோற்றைப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

அழுகை கேட்டு ஓடி வந்தது நாகஜோதியின் பால் ஒன்றுதான். தியேட்டருக்குப் பின்பக்கத்து வரிசை வீட்டில், குழாயடியில் குத்தவைத்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளுக்கு ரவிக்கை நனைந்து வயிறு வரைக்கும் வழிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எந்தப் பிள்ளை அழுதாலும் சுரக்கும், அது அவள் கையில் இல்லை. பஸ்ஸில் ஊர்பேர் தெரியாத பிள்ளை அழுதால்கூட மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஆனால் ஐம்பதைத் தாண்டி, முடிக்கு மை பூசி, கையில் அரிவாளோடு நிற்கிற ஒருத்தனின் தகரத்துக்கும் சுரந்தபோது தன் உடம்பின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தொட்டிலில் தூங்குகிற தன் பிள்ளை கனிஷ்காவைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த எருமைக்குமா" என்று கையிலிருந்த குண்டானிடம் சொன்னாள்.

பாத்திரத்திடம்தான் அவள் பேசுவாள். மனுசர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படித்தபோது எழுந்து பாட்டு ஒப்பிக்கச் சொன்னதற்குப் பயந்து வீட்டுக்கு வந்தவள், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அப்படிப்பட்டவள்தான் கல்லாத்துப்பட்டிக்கு வந்த படம் ஒன்று விடாமல் பார்த்தவள். அதற்குக் காரணம் ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் புருசன் காசிமாயன் புயல்வேந்தர் ரசிகர் மன்றத்தின் பொருளாளர், அதனால் அவள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வரிசை வீட்டின் தகரக் கூரைக்கடியில் பிள்ளை வெந்துபோகும். தியேட்டரில் ஏசி உண்டு. கைப்பிள்ளைக்காரிகள் உட்கார என்று பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையும் உண்டு. பிள்ளை அழுதால் சத்தம் வெளியே போகாது, படத்தின் சத்தம் உள்ளே வர ஒரு ஸ்பீக்கர், அது பாதி நாள் வேலை செய்யாது. சத்தமில்லாமல் பார்த்தால் எந்தப் படமும் தன் யோக்கியதையை ஒளிக்க முடியாது. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நாகஜோதி எல்லாவற்றையும் பார்த்தாள்.

பொங்கலுக்கு வந்த படத்தில் புயல்வேந்தர் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கி விவசாயத்தைக் காப்பாற்றினார். நாற்று நடுகிற பாட்டில் பெண்கள் எல்லாரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட, அவர் மட்டும் முன்னால் நடந்து நடந்து நட்டு, நட்டதையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு வந்தார், வேட்டியில் ஒரு சேற்றுப்பொட்டு இல்லை. மாசியில் வந்த வேறொருத்தன் படத்தில் கதாநாயகி வெள்ளத்துக்கு நடுவே பிள்ளை பெற்றாள். பெற்றவளுக்குக் கண்மை கலையவில்லை, பிறந்ததற்குத் தலை நின்றிருந்தது, வாயில் இரண்டு பல், இடுப்பில் வெள்ளி அரைஞாண். போலீஸ் படம் ஒன்றில் வெட்டின வெட்டுக்குக் கணக்கில்லை, அத்தனை ரத்தச் சட்டையையும் துவைத்தது யார் என்று மட்டும் கடைசி வரைக்கும் காட்டவில்லை. காதல் படத்தில் ஒருத்தி போகிற இடமெல்லாம் ஒருவன் பின்னாலேயே வந்தான், இடைவேளைக்கு அப்புறம் அவள் சிரித்துவிட்டாள். வரிசை வீட்டுத் தெருவில் அப்படி வந்தவனுக்குச் செருப்புப் பிய்ந்தது. பேய்ப்படத்தில் பேய் பாதிப் படம் பயமுறுத்திவிட்டு மீதிப் படம் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதது, குழாயடியில் கேட்காத கஷ்டமா என்று நாகஜோதி அதற்குள் தூங்கிவிட்டாள். இன்னொரு படமோ மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, மீதியை இரண்டாம் பாகத்தில் காண்க என்று எழுத்துப் போட்டது. அரிசி பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, மீதிச் சோறு அடுத்த வருசம் என்று சொல்கிற பெண்டாட்டியை எவனாவது வீட்டில் வைத்திருப்பானா?

இப்போது வந்திருக்கிற படம் எல்லாவற்றுக்கும் மேல். முதல் காட்சியில் அம்மா புயல்வேந்தருக்குச் சோறு ஊட்டுகிறாள். அம்மாவாக நடித்தவளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் போய் ஆட்களை அடிக்கிறார், வந்து மடியில் படுக்கிறார், ஊட்டுகிறாள். மறுபடியும் அடிக்கிறார், மறுபடியும் படுக்கிறார். அந்த அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அவள் செத்துப்போகிறாள், சாகாமல் என்ன செய்வாள்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் வெளியே சொன்னதில்லை. படம் விட்டதும் வாசலில் மைக்கோடு நிற்கிற பையன்கள் "அக்கா, படம் எப்படிக்கா" என்று வழிமறித்தால், பிள்ளையின் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய்விடுவாள்.

கட்டவுட் அழுத அன்றைக்கு மன்றத்தார் ஓடிவந்து சாரம் ஏறி, பழக்கத்தில் பாலைத் தலையில் ஊற்றினார்கள். அது மூக்கு வழியாக இறங்கி மீசையில் சொட்ட, கட்டவுட் புரையேறி, முன்னைவிடப் பெரிதாக அழுதது. இன்னொரு கேன் ஊற்றினார்கள், இன்னொன்றும் ஊற்றினார்கள். மன்றத் தலைவர் சின்னவெள்ளை, அண்ணனுக்குப் பால் பத்தவில்லை என்று கண் கலங்கினார். காய்கறி வாங்க வந்த, நாகஜோதிக்குப் பக்கத்து வீட்டு ராசாத்தி மதினிதான் பையைக் கீழே வைத்துவிட்டு, தலையில் ஊற்றினால் எந்தப் பிள்ளையடா குடிக்கும், நீங்களெல்லாம் வாயால்தானே குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்டாள். அது மன்றத்தில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை. வெல்டிங் கடையில் தொட்டி அளவுக்குத் தகரத்தில் ஒரு பாலாடைச் சங்கு அடித்துக்கொண்டு வந்து, வாயோரம் சாய்த்து, மெல்ல மெல்லப் புகட்டினார்கள். கட்டவுட் சப்புக்கொட்டிக் குடித்து, ஒரு ஏப்பம் விட்டு, அரிவாளைப் பிடித்தபடி சிரித்தது. ஏப்பத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பால்வாடை அடித்தது.

அன்றிலிருந்து அது வேளை தவறாமல் அழுதது, ஊரும் வேளை தவறாமல் புகட்டியது, கொஞ்ச நாளில் அது ஊருக்கு மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டை அதன் அழுகைக்குப் பிந்தி மாற்றி வைத்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, பாலில் பாதித் தண்ணீர் சேருங்கள், வெதுவெதுப்பாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை இல்லாதவர்கள் சவுக்குக் கம்பில் தொட்டில் கட்டினார்கள், திருஷ்டி கழிக்கிறவர்கள் பூசணிக்காயோடு வந்தார்கள், பாலூட்டுகிற வேளையைப் பார்க்க வெளியூர் வேன்கள் வந்தன. தியேட்டர் முதலாளி வாசலில் நாற்காலி போட்டு, படத்துக்கு ஒரு டிக்கெட், பாலுக்கு ஒரு டிக்கெட் என்று விற்றார், பாலுக்குத்தான் ஹவுஸ்ஃபுல். எதிர் நடிகரின் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களும் தங்கள் ஆளுக்குக் கட்டவுட் வைத்து, பால், தயிர், நெய், கடைசியில் பஞ்சாமிர்தம் வரைக்கும் ஊற்றிப் பார்த்தார்கள். அது அழவில்லை, எறும்புதான் வந்தது.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. சலூன்காரர் ஒருநாள் கட்டவுட்டுக்குக் கீழே நின்று, படத்தில் இரண்டாம் பாதி இழுவை என்று யாரிடமோ சொல்லிவிட்டார். மேலே உதடு பிதுங்கியது. மத்தியானம் வரைக்கும் நிறுத்தாமல் அழுது, ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டு, கடைசியில் சலூன்காரர் தன் செலவில் ஒரு கேன் பால் கொண்டுவந்து கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. மறுநாள் ஒரு காலேஜ் பெண், பாட்டு பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்பது அதற்குப் போதவில்லை, அவளும் ஒரு கேன் கொடுத்தாள். அப்புறம் ஊரில் எவரும் குறை சொல்வதில்லை. மைக் பையன்கள் கேட்டால் அருமை, அற்புதம், குடும்பத்தோடு பார்க்கலாம் என்று மேலே ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, வீட்டுக்குப் போயும் அப்படியே சொன்னார்கள், சப்பென்றிருந்த குழம்பையும் அருமை என்றார்கள். படம் உண்மையில் எப்படி இருந்தது என்று ஊரில் ஒருத்தருக்கும் நினைவில்லாமல் போயிற்று. நாகஜோதிக்கு மட்டும் காட்சி காட்சியாக நினைவிருந்தது, அவளை யாரும் கேட்கவில்லை.

அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது அவள் பாலைத்தான். கட்டவுட் அழும்போதெல்லாம் அவளுக்குச் சுரந்து, துணியில் ஊறி, தரையில் சொட்டி வீணாகப் போயிற்று. பசித்துத் தன் பிள்ளை வாய் வைக்கும்போது ஒன்றும் இருக்காது. கனிஷ்கா சப்பிப் பார்க்கும், முகத்தைத் திருப்பும், மறுபடியும் சப்பிப் பார்க்கும், பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். சதை வற்றித் தொடையில் மடிப்பு மறைந்தது. வெளிப்பால் வாங்கலாம் என்றால், பால்காரர் மொக்கராசு சைக்கிளை நிறுத்தாமலே போனார். ஊர்ப் பால் அத்தனையும் மன்றத்துக்குப் பேசியாகிவிட்டதாம். "என்னையப் பாக்காத தாயி, எனக்கே நாக்கப் புடுங்கிக்கிறணும் போலத்தான் இருக்கு" என்று தூரத்தில் போய்ச் சொன்னார்.

அசலூரிலிருந்து ராசாத்தி மதினி மடியில் மறைத்து ஒரு பாக்கெட் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நாகஜோதி அதைக் காய்ச்சி, ஆற்றி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தியேட்டர் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பியது. காசிமாயன் வேகவேகமாக உள்ளே வந்தான்.

"அந்தப் பாலக் குடு நாகு. இன்னிக்கு ஒரு கேன் கொறையுது."

அவள் பாலைப் பின்னால் நகர்த்தினாள்.

"இன்னிக்கு ஒரு வேளைதான. பொருளாளர் வீட்டுலயே பால ஒளிச்சு வச்சிருக்கான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரணுமா? அண்ணன் அங்க பசியில கத்துறாரு."

அவன் கெட்டவன் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, அண்ணன் குடிச்சிட்டு மிச்சம் தருவாரு என்ன, என்று கொஞ்சிக்கொண்டே சட்டியை எடுத்துப் போனான். பிள்ளை சட்டி போன திசையைப் பார்த்தது. நாகஜோதி கையில் துடைத்த கரண்டி இருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, தெருமுனை வேம்பில் கைக்கு எட்டின கொழுந்தையெல்லாம் உருவி வந்து, அம்மியில் வைத்து, தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரைத்தாள். அந்தப் பக்கத்தில் பால் மறக்காத பிள்ளைக்குத் தாய்மார்கள் செய்கிற வழி அது ஒன்றுதான்: மார்க்காம்பில் வேப்பிலை பூசிக்கொள்வார்கள், பிள்ளை ஒருதரம் வாய் வைக்கும், ஒருதரம் கத்தும், அதோடு சரி. தியேட்டர் வாசலில் கத்துகிற தகரப் பிள்ளைக்குப் பூச மார் கிடையாது, வாய்தான் இருக்கிறது. அரைத்த உருண்டையை ஒரு போணியில் வழித்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, முகத்தில் துண்டு போடாமல் நடந்தாள்.

வாசலில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கட்டவுட் அடித்தொண்டையில் அழுதது. காசிமாயன் கேனைத் தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைக்கப் போனான். நாகஜோதி நேராகப் போய்ப் பிள்ளையை அவனிடம் நீட்டினாள். கேனைக் கீழே வைத்தால்தான் பிள்ளையை வாங்க முடியும். இவ்வளவு பேர் பார்க்க வாங்காமல் இருக்கவும் முடியாது. கேனைக் கீழே வைத்தான்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சின்னவெள்ளை கீழே இருந்து, பொம்பளையாள் ஏறக்கூடாதும்மா, சுத்தபத்தம் இருக்கு, ஏப்பா காசி, உன் வீட்டுக்காரியைச் சொல்லுப்பா என்று கத்தினார். நாற்காலிக்காரர்கள் டிக்கெட்டுக்கு இதுவும் சேர்த்தியா என்று கேட்டார்கள். பிள்ளையை ஏந்திக்கொண்டு ஏற முடியாத காசிமாயன், "எறங்கு நாகு, மானம் போகுது" என்றான். ராசாத்தி மதினி அவனைப் பார்த்து, "போகட்டும், அது ஒருதரம் வெளிய போயிட்டு வரட்டும்" என்றாள்.

மேலே உதடுகள் ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம் இருந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது அழுகிற முகமாகவே இல்லை. தரமாட்டேன் என்று யாரும் சொல்லிக் கேட்டிராத முகம். அவள் நாக்கு எப்போதும்போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேப்பிலை நெடி மூக்கில் ஏறி, வாய் ஊறி, ஒட்டின நாக்கு தானாக விட்டது.

"பால் கிடையாது" என்றாள். "படமும் நல்லால்ல. ரெண்டையும் சேத்தே சொல்லிட்டேன். இப்ப அழு."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நாற்று நட்ட லட்சணத்தைச் சொன்னாள், பல்லோடு பிறந்த பிள்ளையைச் சொன்னாள், பாதி வெந்த சோற்றைச் சொன்னாள். உன் அம்மாவுக்கு நீ ஒரு வாய் ஊட்டினாயா, அவள் தின்றாளா என்று ஒரு படத்திலாவது கேட்டாயா என்று சொல்லிக்கொண்டே, மேலுதட்டில் ஒரு கை, கீழுதட்டில் ஒரு கை, ஓரம் ஓரமாக, பிள்ளைக்கு மருந்து போடுகிற மாதிரி நிதானமாகப் பூசினாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை, பாத்திரத்திடம் பேசுகிற குரல்தான். கட்டவுட் நாக்கை நீட்டி நக்கியது. முகம் சுருங்கியது. பிறகு அழுத அழுகையில் தியேட்டர் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டன.

மன்றத்தார் பதறிப்போய்ச் சங்கைத் தூக்கிக்கொண்டு ஏற, அவள் ஒதுங்கி வழிவிட்டாள். புகட்டினார்கள். கசந்த பாலை அது சின்னவெள்ளையின் தலையிலேயே கொப்பளித்தது. இன்னொருதரம் புகட்டினார்கள், இன்னொருதரம் கொப்பளித்தது. வேட்டி சட்டையெல்லாம் பால் வழிய நின்ற மன்றத் தலைவருக்கு எறும்பு ஏறத் தொடங்கியது. அழட்டும் விடுங்கள், பால் மறக்கிற பிள்ளை அழத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு நாகஜோதி சாரத்துப் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு அழுகையிலும் அவள் ரவிக்கை காய்ந்தே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கட்டவுட் மூச்சு வாங்க நிறுத்தியது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஊர் இன்னொரு அழுகையைக் கேட்டது. இவ்வளவு நாளும் பெரிய அழுகைக்கு அடியில் கிடந்து யாருக்கும் கேட்காமல் போன அழுகை. காசிமாயனின் சட்டையில் தெறித்திருந்த பாலை மோந்து பார்த்து, அந்த ஈரத்தில் வாயை வைத்துச் சப்பி, ஒன்றும் வராமல் கனிஷ்கா அழுதுகொண்டிருந்தது. பூனைக்குட்டிச் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. காசிமாயன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், காலடியில் நின்ற கேனைப் பார்த்தான். பொருளாளர் ஆனதிலிருந்து அவன் பிள்ளையை இவ்வளவு நேரம் தூக்கிவைத்திருந்ததே இல்லை. என்ன செய்வது என்று அவனுக்கு அப்போதும் தெரியவில்லை. யாராவது சொல்லட்டும் என்று வாய் திறந்தபடி நின்றான்.

மொக்கராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் காலடியிலிருந்த கேனைத் தூக்கினார். "இது வரிச வீட்டுப் பாலு" என்றார். "போற வழியில போட்டுட்டுப் போறேன்." யாரும் தடுக்கவில்லை.

கட்டவுட் அப்புறம் விட்டுவிட்டு அழுதது, பிறகு தேம்பியது, பிறகு விக்கியது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வெறும் தகரமாக நின்றது. கீழே நின்றவர்களிடம் மைக் பையன்கள் வழக்கம்போல, படம் எப்படி என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவர் வழக்கம்போல மேலே ஒரு கண்ணை ஓட்டினார். ஒன்றும் பிதுங்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "சனியன், தலவலி" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பக்கத்தில் நின்றவர் இரண்டாம் பாதியைத் திட்டினார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் முதல் பாதியை, நாற்காலி போட்ட முதலாளியே வந்து டிக்கெட் கிழித்த பாவத்துக்குத் தான் தினமும் நான்கு காட்சி கேட்க வேண்டியிருந்தது என்று சொல்லி அழாக்குறையாக நின்றார். வீடுகளில் குழம்பு சப்பென்று இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள், அதனால் சில வீடுகளில் சண்டையும் வந்தது.

அன்றைக்குக் காசிமாயன் வீட்டுக்கு வந்தபோது கனிஷ்கா தாயின் மடியில் மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் காய்ச்சின வெளிப்பாலும் ஒரு டம்ளரில் ஆறிக்கொண்டிருந்தது. தீபாவளிப் படத்துக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள், மன்றத்தில் கூட்டம் போட வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தவன், அவள் நிமிராததால் பாதியில் விட்டு, டீ கேட்டான். அவள் கைநீட்டிக் கடுங்காப்பியை நகர்த்தினாள்.

அவன் டம்ளருக்குள் பார்த்தான்.

"பால் இல்லையா நாகு" என்றான். கேட்கும்போதே அவன் கீழுதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது.

நாகஜோதி பிள்ளையின் வாயை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி, மூலையில் வேப்பிலைப் பச்சை இன்னும் போகாமல் கிடந்த அம்மிக்கல்லை ஒருதரம் பார்த்தாள்.

உதடு தானாக உள்ளே போயிற்று. காசிமாயன் கடுங்காப்பியை ஊதி ஊதிக் குடித்தான். நல்லா இருக்கு என்றான்.

நல்லா இல்லை, அதில் அவள் சீனி போடவே இல்லை.